ஆபீஸ் போகும் காருக்கு எத்தனை குதிரைகள் வேண்டும்?

‘வண்டியில் பிக்-அப் பத்தவில்லை’ என்று தோன்றியதும் பலரும் எஞ்சினில்தான் கைவைக்கிறார்கள். காற்றைத் தாராளமாக விடும் ஏர் ஃபில்டர், தடுப்புகள் குறைந்த சைலன்சர், எஞ்சினின் கணினியில் புது நிரல் ஏற்றும் ‘ரீமேப்’ என்று செலவு அந்த வழியில் போகிறது. மிச்சப் பணத்தில் பெரிய அலாய் வீல். டயரின் நினைவு வருவது அது மொட்டையான பிறகுதான். பிரேக் ஆயிலின் நினைவு பெரும்பாலும் வருவதே இல்லை. தினமும் வேலைக்குப் போய்வரும் காரில் இந்த வரிசையை அப்படியே கவிழ்த்துப் போட வேண்டும். முதல் பணம் டயருக்கு, அடுத்தது பிரேக்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும், எஞ்சினுக்குக் கடைசியில். சிக்கனத்துக்காகச் சொல்லும் யோசனை அல்ல இது. பணத்தைத் தாராளமாகச் செலவழிக்கத் தயாராக இருப்பவருக்கும் இயற்பியல் இதே வரிசையைத்தான் தருகிறது.

எஞ்சினிடம் உண்மையில் எவ்வளவு கேட்கிறோம் என்பதிலிருந்து தொடங்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு ஹேட்ச்பேக், 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். காகிதத்தில் 83 குதிரைத்திறன். சமதளத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது அதை இழுத்துப் பிடிப்பவை இரண்டு. டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி மீள்வதில் வீணாகும் சக்தி ஒன்று; இந்த எடைக்கு அது சுமார் 110 நியூட்டன் தடை. காற்று மற்றொன்று, அந்த வேகத்தில் அதுவும் ஏறத்தாழ 115 நியூட்டன். இரண்டையும் கூட்டி வேகத்தால் பெருக்கினால் 3.7 கிலோவாட் வரும். அதாவது வெறும் 5 குதிரைத்திறன். 40 கி.மீ. வேகத்துக்கு இரண்டரை போதும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் 100 கி.மீ. வேகத்தில் தேவை 16 ஆகிறது. சிக்னலில் கிளம்பி 8 விநாடியில் 50 கி.மீ. வேகத்தைத் தொடுவது நகரத்தில் நல்ல விறுவிறுப்பான ஓட்டம். அதற்கு வேண்டியது சராசரியாக 18 குதிரைத்திறன். வேகம் 50-ஐத் தொடும் கடைசிக் கணத்தில் அதைப்போல் இரு மடங்கு. ஏசி இழுப்பதையும் கியர்பெட்டியில் இழப்பதையும் சேர்த்தாலும் அந்த உச்சக் கணத்தில்கூட 83-இல் ஏறத்தாழப் பாதிதான் செலவாகிறது.

நகர ஓட்டத்துக்கென்று ஐரோப்பா 1970-இல் வகுத்த சோதனைச் சுழற்சியை இந்தியாவும் தன் சோதனைகளில் எடுத்துக்கொண்டது. 195 விநாடிச் சுழற்சி, நான்கு தடவை. உச்ச வேகம் 50 கி.மீ.; நின்று நின்று போவதால் சராசரி 19 கி.மீ.க்கும் கீழே. நிஜச் சாலையைவிட இது மிகவும் சாது என்ற விமர்சனம் சரியானதுதான். ஆனாலும் சென்னையிலோ கோவையிலோ காலை ஒன்பது மணிக்கு ஊர்ந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த சராசரி வேகம் அந்நியமாகத் தெரியாது.

ஏர் ஃபில்டர் மாற்றினால் எஞ்சின் நன்றாக மூச்சுவிடும் என்பது காதுக்குச் சரியாகப்படும் வாதம். எஞ்சினுக்குள் பார்த்தால் அது தேறாது. பெட்ரோல் காரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது திறப்பது த்ராட்டில் என்ற ஒரு தட்டு. நகர ஓட்டத்தில் அது பெரும்பாலும் கொஞ்சமே திறந்திருக்கிறது. வெளியே காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் இருக்க, தட்டுக்கு அப்பால் எஞ்சின் பக்கம் 30, 40 கிலோபாஸ்கல்தான் இருக்கும். காற்றைத் தடுத்துவைத்திருப்பது ஓட்டுபவரின் கால்தான். சுத்தமான சாதாரண ஃபில்டர் போடும் தடை, எஞ்சின் முழு வீச்சில் ஓடும்போதும் ஓரிரு கிலோபாஸ்கல் அளவில்தான். அதைக் குறைத்தால் அதே வேகத்துக்குத் தட்டு இன்னும் ஒரு மயிரிழை கூடுதலாக மூடிக்கொள்ளும், வேறொன்றும் நடக்காது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் அடைபட்ட ஃபில்டர்களை வைத்தே சோதித்தது. ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் உள்ள நவீன பெட்ரோல் கார்களில் மைலேஜ் மாறவில்லை. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் பிக்-அப் குறைந்தது. ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதற்கு இது நல்ல காரணம். விலை கூடிய ஃபில்டர் வாங்குவதற்கு இதில் காரணம் எதுவும் இல்லை. உயர் ஆக்டேன் பெட்ரோலின் கதையும் இதுதான். ஆக்டேன் எண் எரிபொருளின் சக்தியை அளப்பதில்லை. எஞ்சினில் ‘நாக்கிங்’ வராமல் தாக்குப்பிடிக்கும் தன்மையை அளக்கிறது. சாதாரண பெட்ரோலுக்கென்று வடிவமைத்த எஞ்சினால் தர முடியாத ஒன்றுக்காகத்தான் பங்க்கில் கூடுதல் விலை கேட்கிறார்கள்.

நெடுஞ்சாலையில் ஒரு பேருந்தை முந்தும்போது சக்தி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான்; முந்தும்போது இழுக்காத கார் ஆபத்தானது. ஆனால் அந்தச் சக்தி ஏற்கெனவே எஞ்சினில் இருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் ஐந்தாம் கியரில் போகும்போது நம் ஹேட்ச்பேக்கின் எஞ்சின் சுமார் 1,700 ஆர்.பி.எம். சுற்றுகிறது. அங்கே ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் 20 குதிரைத்திறனை ஒட்டித்தான் கிடைக்கும். மூன்றாம் கியருக்கு இறக்கினால் சுற்று 2,700-ஐத் தொடும். கிடைப்பது சுமார் 40. இரண்டாம் கியரில் 60-ஐத் தாண்டும். டர்போ இல்லாத இத்தகைய எஞ்சினில் ரீமேப் தருவது பெரும்பாலும் நூற்றுக்குச் சில பங்குதான். கியர் லீவரை ஒரு தடவை நகர்த்தினால் இரு மடங்கு. நகரத்துக்குள் கூடுதல் பிக்-அப் என்ன சம்பாதித்துத் தரும் என்பதற்கும் கணக்கு உண்டு. 50 கி.மீ. வேகத்தை 8 விநாடிக்குப் பதில் 6 விநாடியில் எட்டினால், ஒரு சிக்னலுக்கு மிச்சமாவது 1 விநாடி. இதற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். சம்பாதித்த அந்த விநாடியையும் அடுத்த சிவப்பு விளக்கு வாங்கிக்கொள்ளும்.

எஞ்சினை இங்கே விட்டுவிட்டு டயருக்கு வரலாம். சொல்ல நிறைய இருப்பது இங்கேதான். கார் வேகமெடுப்பது, திரும்புவது, நிற்பது மூன்றும் ஒரே இடத்தில், ரப்பர் தரையைத் தொடும் இடத்தில் நடக்கின்றன. ஒரு சக்கரத்தின் மேல் 275 கிலோ. உள்ளே 32 பி.எஸ்.ஐ. காற்று. எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால், ஒரு டயர் தரையில் பதியும் பரப்பு சுமார் 120 சதுர சென்டிமீட்டர். நான்கையும் சேர்த்தால் ஒரு ஏ4 தாளைவிடச் சிறியது. எத்தனை லட்சம் ரூபாய்க் காராக இருந்தாலும் ஓட்டுபவரின் ஆணை சாலைக்குப் போய்ச் சேருவது இந்தத் தாளளவு ரப்பர் வழியாகத்தான்.

அந்த ரப்பரின் பிடிப்பு குறைந்தால் என்ன ஆகும்? பிரேக் பிடித்து நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், பிடிப்பின் குணகத்துக்குத் தலைகீழ் விகிதம். மழையில் நனைந்த சாலை, 60 கி.மீ. வேகம். நல்ல டயருக்குக் குணகம் 0.7 என்று வைத்தால் கார் 20 மீட்டரில் நிற்கும். தேய்ந்து இறுகிய டயருக்கு 0.5 என்று வைத்தால் 28 மீட்டர். எட்டு மீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. முதல் கார் அசையாமல் நின்றுவிட்ட அதே புள்ளியில் இரண்டாவது கார் இன்னும் 32 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வேகம் கடைசிச் சில மீட்டர்களில்தான் சட்டென்று விழுகிறது என்பதால் இப்படி ஆகிறது. குறுக்கே ஒரு பையன் சைக்கிளில் வந்தால், 32 கி.மீ.க்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம் அவனுடைய எலும்பு. வேறெந்த மேம்பாட்டுக்கும் இவ்வளவு பெரிய பலன் கிடையாது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ரப்பர் சாலையைப் பிடிப்பது இரண்டு விதமாக. மூலக்கூறுகள் தார்ப்பரப்போடு ஒட்டிப் பிரிவது ஒன்று. ஜல்லியின் நுண்ணிய மேடுகள் ரப்பரை அமுக்க, அது மீளும்போது வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தராமல் கொஞ்சத்தை வெப்பமாக இழப்பது மற்றது. தண்ணீர் இடையில் வந்தால் முதல் வழி பலவீனமாகிறது, இரண்டாவதுதான் கைகொடுக்கிறது. இங்கே ஒரு முரண் நிற்கிறது. மழையில் காப்பாற்றும் அதே சக்தி இழப்பு, சாதாரணமாக உருளும்போது மைலேஜைத் தின்கிறது. பிடிப்பு வேண்டுமா, மைலேஜ் வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் வெகுகாலம் இருந்தது. வழி திறந்தது அதிர்வு வேகத்தில். உருளும் டயரின் ஒவ்வோர் இடமும் சுற்றுக்கு ஒரு முறைதான் நசுங்குகிறது, 60 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு எட்டு, ஒன்பது தடவை. சறுக்கத் தொடங்கும் ரப்பரோ நுண்மேடுகளில் விநாடிக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் அதிர்கிறது. மெதுவான நசுங்கலில் குறைவாகவும் வேகமான அதிர்வில் அதிகமாகவும் சக்தியை இழக்கும் ரப்பர் கிடைத்தால் இரண்டும் கிடைத்துவிடும். ரப்பரில் கலக்கும் கார்பன் பிளாக்கில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிலிக்காவை ரசாயனப் பிணைப்போடு சேர்த்தபோது இது கைகூடியது. மிஷலின் நிறுவனம் 1992-இல் இந்த வகை டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றும் ஆய்வகங்களில் ரப்பரின் சக்தி இழப்பை 0 டிகிரி வெப்பத்தில் அளந்து ஈரப் பிடிப்பையும், 60 டிகிரியில் அளந்து உருளும் தடையையும் மதிப்பிடுகிறார்கள்.

ஆகவே கறுப்பாக வட்டமாக இருப்பதெல்லாம் ஒரே டயர் அல்ல. ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு டயரிலும் ஈரப் பிடிப்புக்கு எழுத்துத் தரம் ஒட்டுகிறார்கள். இந்தியாவிலும் ஈரப் பிடிப்பு, உருளும் தடை, ஓசை மூன்றுக்கும் புதிய டயர் வடிவமைப்புகள் எட்டியாக வேண்டிய வரம்புகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. கடையில் நாம் கேட்கும் கேள்வி ‘எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ என்பதோடு நின்றுவிடுகிறது. ‘ஈரத்தில் எப்படி?’ என்பதையும் கேட்க வேண்டும். பல டயர்களின் பக்கச்சுவரில் ‘ட்ரெட்வேர்’ என்று ஒரு எண் இருக்கும். அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு மெதுவாகத் தேயும். பக்கத்திலேயே ‘ட்ராக்‌ஷன்’ என்று ஈரப் பிடிப்புக்கான எழுத்தும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சீக்கிரம் தேயும் டயர் செலவு பிடிக்காதா என்றால், பிடிக்கும். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் காரில் பல டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகி இறுகிவிடுகின்றன என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்தால், நீடித்து உழைக்கும் கெட்டி ரப்பருக்குக் கொடுத்த பணம் வீண் என்று தெரியும். பக்கச்சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. புது டயர் வாங்கும்போதே அதைப் பார்த்து வாங்குவது நல்லது. பட்டன்களுக்கு இடையே ஓடும் பள்ளத்தில் விரலை வைத்து இழுத்தால் ஆங்காங்கே ஒரு குறுக்கு மேடு தட்டுப்படும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றத்தான் இருக்கின்றன. அவை தேய்ந்து, சாலையில் தண்ணீரும் தேங்கினால் டயர் தண்ணீரின் மேல் மிதந்துவிடும். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ஹார்ன், ட்ரெஹர் இருவரும் விமான டயர்களை ஆராய்ந்து 1963-இல் வெளியிட்ட விதி ஆச்சரியமான அளவுக்கு எளியது. மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதன்படி 32 பி.எஸ்.ஐ. டயர் சுமார் 94 கி.மீ. வேகத்தில் மிதக்கும், 24 பி.எஸ்.ஐ. ஆக இறங்கிய டயர் 82 கி.மீ. வேகத்திலேயே. காற்று மாதத்துக்கு ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. தானாகவே குறையும். மாதம் ஒரு தடவை, டயர் சூடேறும் முன், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவுக்குக் காற்றடிப்பதும் ஒரு செயல்திறன் மேம்பாடுதான். காசு செலவில்லாதது என்பதால் யாரும் அதை அப்படி அழைப்பதில்லை.

ஏ.பி.எஸ். இருக்கும்போது டயரைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்பது அடிக்கடி வரும் எதிர்வாதம். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயம். உயிர் காக்கும் நல்ல சட்டம். ஏ.பி.எஸ். செய்வது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்து, இருக்கும் பிடிப்பு முழுவதையும் பயன்படுத்துவது. இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது. பெரிய பிரேக் டிஸ்க் மாட்டும் ஆசைக்கும் இதிலேயே பதில் உண்டு. காலியான சாலையில் பெடலை முழுக்க அழுத்தும்போது ஏ.பி.எஸ். வேலை செய்வது காலில் தடதடவென்று தெரிந்தால், அந்த பிரேக்குக்கு வேண்டிய பலம் ஏற்கெனவே இருக்கிறது. தடை டயரில் இருக்கிறது. டிஸ்க்கைப் பெரிதாக்கி அந்த ஒரு நிறுத்தத்தில் ஒரு மீட்டர்கூடக் குறைக்க முடியாது.

பிரேக் தோற்பது வெப்பத்தில். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் கார் சுமார் 1,500 மீட்டர் உயரத்தை இழக்கிறது. நம் 1,100 கிலோ காருக்கு அது 16 மெகாஜூல், 60 கி.மீ. வேகத்திலிருந்து நூறு தடவைக்கு மேல் பிரேக் பிடித்து நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினைச் சிறு கியரில் வைத்து இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சினும், உருளும் தடையும் காற்றும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் பிரேக் ஆயிலுக்குத்தான் சோதனை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. எடையில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியே போதும் என்று அதே தரநிர்ணயம் சொல்கிறது. கொதித்தால் குமிழி, குமிழி அமுங்கும், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. சென்னை போன்ற கடலோர ஈரப்பதத்தில் இரண்டாண்டுக்கு ஒரு முறை இதை மாற்றும் செலவு, ஒரு முழு டாங்க் பெட்ரோலுக்கும் குறைவு.

அலாய் வீலுக்கு வருவோம். 165/80 ஆர்14, 185/65 ஆர்15, 195/55 ஆர்16 என்ற மூன்று டயர்களையும் அடுத்தடுத்து நிறுத்தினால் மூன்றின் மொத்த விட்டமும் 620 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். ரிம் வளர வளரக் குறைவது பக்கச்சுவரின் உயரம்: 132, 120, 107 மி.மீ. வளைவுகளில் ஸ்டீயரிங் துல்லியமாவது நிஜம். குழியில் விழும்போது அடியை வாங்க இருந்த ரப்பர் குறைவதும் நிஜம். அந்த அடி ரிம்முக்கும் இடுப்புக்கும் போகும். தயாரிப்பாளரே மேல் ரகக் காருக்குக் கொடுக்கும் அளவுவரை ஏறலாம்; அதற்கு மேல் போவது நம் ஊர்ச் சாலைக்கு நியாயமில்லை. காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளும் அப்படியே. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் நீளத்துக்கு 10 செ.மீ. உயரம், தெருவில் இருப்பவை அந்த அளவைப் பார்த்துக் கட்டியவை அல்ல. தேய்ந்த ஷாக் அப்சார்பரை மாற்றுவதில் இருக்கும் பலன் தாழ்த்துவதில் இல்லை, ஏனென்றால் துள்ளும் டயர் தரையைப் பிடிப்பதில்லை. மஞ்சள் பூத்த ஹெட்லைட் கண்ணாடியைத் தேய்த்துத் தெளியவைப்பதையும் இதோடு சேர்க்கலாம். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-இல் அளந்தபோது, மங்கிய விளக்குகள் புதியவற்றின் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கையே தந்தன.

வலுவான எதிர்வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. டர்போ எஞ்சின்களில் ரீமேப் நிஜமாகவே 20, 30 சதவீதம் கூட்டுகிறது. ஓட்டும் சந்தோஷமும் ஒரு தேவைதானே என்பார்கள். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் கூடுதல் காற்று, கூடுதல் எரிபொருள், கூடுதல் விசை என்பது நேரான கணக்கு. ஆனால் தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளி கோடை வெயிலுக்கும், தரம் குறைந்த பெட்ரோலுக்கும், கிளட்ச்சின் ஆயுளுக்கும் விட்டது. அதைச் செலவழித்தால் அந்தக் காப்பும் போகும். பெரும்பாலும் வாரண்டியும் போகும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. சந்தோஷத்தைப் பொறுத்தவரை, ஸ்டீயரிங்கைத் தொட்டதும் திரும்புவதும் பெடலை மிதித்ததும் பிரேக் உறுதியாகப் பிடிப்பதும் தினமும், ஒவ்வொரு தெருத் திருப்பத்திலும் கிடைப்பவை. 5,500 ஆர்.பி.எம்.-இல் கிடைக்கும் கூடுதல் குதிரைகளை ஆபீஸ் போகும் வழியில் அவிழ்த்துவிட இடமே இல்லை.

டயரும் பிரேக்கும் ஷாக்கும் சரியான பிறகும் சட்டத்துக்குள் நின்று எஞ்சினில் எதையாவது செய்ய நினைப்பவர், கடைக்காரர் சொல்லும் உச்சக் குதிரைத்திறனை ஒதுக்கிவிடலாம். வேலைக்கு முன்பும் பின்பும் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி எடுத்த வரைபடங்களைக் கேட்டு வாங்கி, 1,500 ஆர்.பி.எம்.-க்கும் 3,000 ஆர்.பி.எம்.-க்கும் இடையில் டார்க் (சுழற்று விசை) கோடு எவ்வளவு மேலே போயிருக்கிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். தினசரி ஓட்டத்தில் பெரும்பகுதி நடப்பது அந்தச் சிறு இடைவெளிக்குள்தான். அங்கே கோடு நகரவில்லை என்றால், அந்த வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.